கேலரிக்குக் கூரை: இழுத்துக் கட்டும் துணியா, ஷீட்டா?

குடியாத்தம் பக்கம் நாங்கள் படித்த பள்ளியின் மைதானத்தில் ஒரு கேலரி இருக்கிறது. எட்டுப் படி, நாற்பது மீட்டர் நீளம், மேலே வெறும் வானம். 2018-இல் முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்து அதற்குக் கூரை போட்டோம். பணம் சேர்த்ததைவிட எந்தக் கூரை என்று முடிவு செய்ததுதான் பெரிய பாடாக இருந்தது. எஃகுக் கயிறுகளால் துணியை இழுத்துக் கட்டும் டென்சைல் கூரையா, ட்ரஸ் என்கிற இரும்புச் சட்டம் அடித்து அதன்மேல் தகர ஷீட் போடுவதா என்று மூன்று மாதம் பேசினோம். இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நாங்கள் ஷீட் போட்டோம். இன்று கேட்டாலும் ஷீட் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்தப் பேச்சு தொடங்கியபோது நான் டென்சைல் கட்சி. காரணம் சேப்பாக்கம். பழைய எம்.ஏ. சிதம்பரம் மைதானத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, கழுத்தை வளைத்து வளைத்து கிரிக்கெட் பார்த்தவன் நான். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்த பிறகு போனபோது அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். வரிசையாக எழும் வெள்ளைக் கூம்புகள். கண்ணாடி இழையில் நெய்த துணி, அதன்மேல் டெஃப்லான் பூச்சு, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது எஃகுக் கயிறுகள். லண்டன் ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. பார்வையாளர் பகுதிகளுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கடற்காற்றை உள்ளே வரவிட்டிருந்தார்கள். வெயில் கூரையைக் கடந்து பால்போல இறங்கியது. நிழலும் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. மும்பை வான்கடேயிலும் அதே ஆண்டுக்குள் துணிக்கூரை வந்தது. ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் பேர் உட்காரும் அகமதாபாத் மைதானத்தின் கூரையும் துணிதான். அங்கே தனி விளக்குக் கோபுரமே கிடையாது, கூரையின் விளிம்பைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பதித்துவிட்டார்கள். நிலநடுக்கம் வந்தால் கூரை ஒரு விதமாகவும் படிகள் ஒரு விதமாகவும் அசையும் என்பதால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்காமலே கட்டியிருக்கிறார்கள்.

இந்த வகைக் கட்டுமானத்துக்கு உலகம் காட்டும் முதல் பெரிய உதாரணம் 1972 மியூனிக் ஒலிம்பிக் மைதானம். கட்டடக் கலைஞர்கள் குந்தர் பெனிஷ், ஃப்ரை ஓட்டோ இருவரும் மீன்வலைபோல எஃகுக் கயிற்று வலையைத் தொங்கவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் பலகைகளைப் பதித்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 75,000 சதுர மீட்டர். துணிக்கூரையின் சூட்சுமமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். துணி தட்டையாக இருக்கக்கூடாது. குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேலே வளைந்து, குறுக்குத் திசையில் கீழே வளைய வேண்டும். அப்போதுதான் காற்று மேலே தூக்கினாலும் கீழே அழுத்தினாலும் ஏதாவது ஒரு பக்க இழை இழுத்துப் பிடிக்கும். இவ்வளவு தெரிந்த பிறகு யாருக்குத்தான் ஆசை வராது?

எல்லோரும் கேட்கும் விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அழகில் துணிதான். வெளிச்சத்திலும் துணிதான், டெஃப்லான் பூசிய துணி பத்து, பதினைந்து சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். மழைச் சத்தத்தில் ஷீட் தோற்கும், அடியில் உட்கார்ந்து பேச முடியாது. விலையில் ஷீட் மலிவு. எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் டென்சைல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எடையைப் பற்றித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். துணி சதுர மீட்டருக்கு ஒரு கிலோ சுமார், அரை மில்லிமீட்டர் ஷீட் நாலு கிலோவுக்கு மேல். ஆகவே துணி போட்டால் தூணும் அஸ்திவாரமும் பாதியாகக் குறையும் என்று விற்பவர் சொல்வார். குறையாது. முன்பக்கம் திறந்த கேலரிக் கூரைக்கு எதிரி அதன் எடை அல்ல, அடியில் புகுந்து தூக்கும் காற்று. துணியானாலும் தகரமானாலும் அந்தக் காற்று ஒன்றுதான். துணிக்கு அதற்கும் மேலே, இருபத்து நாலு மணி நேரமும் கயிறு இழுக்கிற இழுப்பையும் அஸ்திவாரம் தாங்கியாக வேண்டும்.

எங்கள் முடிவை மாற்றியது பராமரிப்பு. அதுவும் வரைபடத்தில் புரியவில்லை, ஒரு மழைக்கு மறுநாள் புரிந்தது. விலைப்புள்ளி கொடுத்தவர்களில் ஒருவர், காட்பாடிப் பக்கம் ஒரு கல்வி நிறுவனத்தில் தான் போட்ட கூரையைப் போய்ப் பாருங்கள் என்றார். போனோம். போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. தூரத்திலிருந்து அன்னம் சிறகு விரித்த மாதிரி இருந்தது. கிட்டப் போனால் ஓரக் கயிறு ஓடும் மடிப்புக்குள் புழுதியும் வேப்பஞ்சருகும் அடைந்து பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. மூலையில் கயிற்றை முறுக்கும் டர்ன்பக்கிளில் துரு ஏறி, மரை கண்ணுக்கே தெரியவில்லை. அதனால் ஒரு மூலை தளர்ந்து, நடுவில் துணி தொட்டில்போலத் தொங்கியது. முந்தின நாள் மழைத் தண்ணீர் அந்தத் தொட்டிலில் நின்றது. ஒரு காக்கை அதில் குளித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தொட்டில்தான் துணிக்கூரையின் சாவு. ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் நூறு கிலோ. அந்த எடையில் துணி இன்னும் தொங்கும், தொங்கினால் இன்னும் தண்ணீர் சேரும், சேரச் சேர இன்னும் தொங்கும். ஒரு கட்டத்தில் தையலோ ஒட்டோ விட்டுவிடும். குளிர்நாடுகளில் இதே வேலையைப் பனி செய்கிறது. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் மைதானத்தில் பனி பாரம் தாங்காமல் காற்றடைத்த துணிக்கூரை கிழிந்து உள்ளே கொட்டியது. கனடாவின் மான்ட்ரியால் ஒலிம்பிக் மைதானத்தில் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைத் துணி பலமுறை கிழிந்து, 1998-இல் புதுத்துணி மாற்றி, அதுவும் மறு ஜனவரியிலேயே பனியில் கிழிந்தது. அவர்களிடம் பணமும் பொறியாளர்களும் இல்லாமல் இல்லை. நமக்கு அந்தப் பனிப்பொழிவு கிடையாது. ஆனால் சித்திரை வைகாசியில் மலைப்பக்கமிருந்து புழுதியோடு ஒரு சூறைக்காற்று, அதன் பின்னாலேயே அரை மணி நேரம் அடித்து ஊற்றும் மழை என்று வருவதை வடஆற்காட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். தளர்ந்த துணிக்கு அது போதும்.

திரும்பி வரும்போது எனக்கு எங்கள் தெருவின் பந்தல்காரர் ஞாபகம் வந்தது. கூத்துக்கும் திருவிழாவுக்கும் ஷாமியானா கட்டுவார். கட்டிவிட்டுப் போய்விட மாட்டார். ராத்திரிப் பனியில் துணி நனைந்து தொங்கும் என்று விடிகாலையில் வந்து ஒவ்வொரு முளையாகச் சுற்றி, கயிற்றை இழுத்து முடிபோடுவார். காற்று எழும்பினால் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவார். துணிக்கூரை என்றால் அதோடு ஒரு ஆளும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். சேப்பாக்கம் போன்ற இடத்தில் அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு, பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. எங்கள் பள்ளியில் இருப்பது ஒரு வாட்ச்மேன், ஒரு உடற்கல்வி ஆசிரியர்.

எங்கள் ட்ரஸ் வேலைக்கு வந்திருந்த கே.வி.குப்பத்து வெல்டர் இதை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். டென்சைல் படத்தைக் காட்டினேன். நன்றாகப் பார்த்தார். "அழகாத்தான் கீது சார். நாளைக்கு ஒரு பக்கம் தொங்கிப்போச்சுன்னா யாரைக் கூப்புடுவீங்க? ஷீட்டுன்னா நானே ஏறிப் பாத்துட்டு வந்துடுவேன்." விசாரித்தோம். துணியை மறுபடி இழுத்துக் கட்டவும், கிழிந்தால் சூடுகாட்டி ஒட்டுப்போடவும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆளும் மெஷினும் வர வேண்டும். ஒரு மூலைக்காக யாரும் உடனே கிளம்பி வருவதில்லை.

ஷீட்டுக்குப் பராமரிப்பே இல்லையா என்றால், உண்டு. நாங்கள் போட்டது கால்வல்யூம் ஷீட், வெள்ளை நிறம். எஃகுத் தகட்டின் மேல் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம் கலந்த பூச்சு. தகடு அவ்வளவு சீக்கிரம் போகாது. போவது ஸ்க்ரூவின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர். வேலூர் வெயிலில் நாலைந்து வருடத்தில் அது காய்ந்து வெடிக்கிறது. கையில் எடுத்து நகத்தால் அழுத்தினால் கருப்பட்டி மாதிரி உதிர்கிறது. அங்கே சொட்டு ஒழுகும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், துரு தகட்டுக்குப் பரவும். ஆகவே ஐந்தாம் வருடம் ஒரு முறை எல்லா வாஷரையும் மாற்றினோம். இரண்டு ஆள், மூன்று நாள். குடியாத்தம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாமான். பின்பக்கத் தண்ணீர்க் கால்வாயில் சருகு அள்ளுவது ஐப்பசிக்கு முன் ஒரு முறை. அவ்வளவுதான்.

2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, வலுக்குறைந்து நம் மாவட்டங்கள் பக்கமாக வந்தபோது ஓர விளிம்புத் தகடு இரண்டு பிய்ந்து போனது. தண்ணீர் வடிந்த மறுநாள் அந்த வெல்டரே மொபெட்டில் வந்து, சாயந்திரத்துக்குள் புதுசு அடித்துவிட்டுப் போனார். பிய்ந்த தகடு இரண்டும் வாட்ச்மேன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் போயின. ஷீட் கிழவனானாலும் கிலோ கணக்கில் விலை போகும். பழைய டென்சைல் துணிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இன்னொன்று, கூரைமேல் சோலார் பலகை வைப்பது. பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் 2015 முதல் இருக்கிறது. தைவானின் கௌசியுங் மைதானத்தில் கட்டடக் கலைஞர் தோயோ இட்டோ 8,844 பலகைகளையே கூரையாக்கிவிட்டார். ட்ரஸ்ஸுக்கு அந்த எடையை முன்பே கணக்கில் சேர்த்துக்கொண்டால் ஷீட் கூரையில் வழக்கமான பலகைகளை எந்த நாளும் ஏற்றலாம். எங்கள் கூரையில் இன்னும் ஏற்றவில்லை, இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

ஷீட்டின் மெய்யான குறை சூடு. அதை மறைக்க மாட்டேன். மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், பகல் இரண்டு மணிக்குத் தகரத்தின் கீழ் மேல்படியில் உட்கார்ந்தால் உச்சந்தலையில் இஸ்திரிப்பெட்டியைப் பிடித்த மாதிரி இருக்கும். நாங்கள் சேப்பாக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இங்கேதான் உதவியது. கூரையை மேல்படியிலிருந்து நன்றாக உயர்த்தி, பின்சுவரைக் கூரைவரை எழுப்பாமல் ஓர் ஆள் உயரத்துக்குத் திறந்து விட்டோம். சூடேறிய காற்று அந்த வழியாக வெளியேறுகிறது. ஷீட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்புப் படலம் ஒன்று. கேலரி மைதானத்தின் மேற்கில் இருப்பதால் சாயந்திர வெயில் முதுகுப்பக்கம்தான். இவ்வளவும் செய்தும் நண்பகலில் துணிக்கூரையின் குளுமை இதற்கு வராது. நாலு மணிக்கு மேல் வித்தியாசம் தெரிவதில்லை, எங்கள் போட்டிகளும் அப்போதுதான். முழுப்பகலும் போட்டி நடக்கிற இடமென்றால் என் கணக்கு மாறலாம்.

கூரையே வேண்டாம் என்ற மூன்றாவது கட்சியும் எங்களுக்குள் இருந்தது. அவர்கள் காட்டியது போர்ச்சுகலின் பிராகா மைதானம். 2004 யூரோ போட்டிக்காக எட்வர்டோ சோட்டோ டி மோரா ஒரு கல்குவாரிக்குள் கட்டியது. இரண்டு பக்கம்தான் படிகள், ஒரு கோலுக்குப் பின்னால் பாறை அப்படியே நிற்கிறது. வேலூரைச் சுற்றி வெட்டிப்போட்ட குவாரிகளைப் பார்க்கும்போது எனக்கும் மனம் அலைபாயும். தை மாதம் எருது விடும் விழாவில் பாறைமேலும் மொட்டைமாடியிலும் ஏறி உட்காருகிற கூட்டத்துக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் பிராகாவிலும் படிகளுக்குமேல் கூரை உண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எஃகுக் கயிறுகளில் கட்டியது. எங்கள் மைதானமோ சமவெளி. அந்தப் பேச்சு ஒரு கூட்டத்தோடு முடிந்தது. ஈ.டி.எஃப்.ஈ. என்ற பிளாஸ்டிக் படலத்தில் செய்து காற்றடைத்த மெத்தைகளை, மியூனிக்கின் அலையன்ஸ் அரீனா கால்பந்து மைதானத்தில் இருப்பதை, ஒரு தம்பி எடுத்து வந்தார். மெத்தைக்குள் காற்று குறையாமல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றதும் அதுவும் முடிந்தது.

நான் பேசுவது எங்கள் அளவுக்கு உட்பட்ட கேலரிக்குத்தான். எங்கள் கூரைக்கு இன்னும் பத்து வயதுகூட முடியவில்லை. இருபதாம் வருடம் ட்ரஸ் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்துச் சொல்ல முடியாது. காட்பாடியில் நாங்கள் பார்த்தது பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் துணி. பொதுவாக அதற்குப் பதினைந்து, இருபது வருடம் என்பார்கள். சேப்பாக்கத்தில் இருப்பது டெஃப்லான் பூசிய கண்ணாடி இழை, அது இன்னும் நீண்ட நாள் உழைக்கும், அழுக்கும் எளிதில் ஒட்டாது. அதைப் பார்வையாளனாகக் கீழிருந்து பார்த்திருக்கிறேனே தவிர மேலே ஏறித் தொட்டதில்லை. ஒன்றின் குறையை மற்றதன் தலையில் கட்டக்கூடாது.

துணிதான் என்று உறுதியாக இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். டர்ன்பக்கிள், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இழுத்துக் கட்டும் வேலையைப் பத்து வருடத்துக்கு முன்கூட்டியே விலைபேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் போட்ட கூரைகளில் மிகப் பழையது எது என்று கேட்டு, நல்ல மழை பெய்த மறுநாள் காலை சொல்லாமல் போய்ப் பாருங்கள். முன்பக்க அழகை விட்டுவிட்டு, கூரையின் தாழ்ந்த மூலைக்கு அடியில் போய் நின்று மேலே பாருங்கள். தண்ணீர் நின்றால் துணி வழியாக நிழலாகத் தெரியும்.