ட்ரவுட் பிடிக்க ரொட்டொருவாவா, டவுப்போவா?

நியூசிலாந்தின் வடக்குத் தீவைச் சுற்றப் போகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் எப்படியும் தொட்டுவிடுவார்கள். நடுவில் சுமார் 80 கிலோமீட்டர்தான், காரில் ஒரு மணி நேரம். இரண்டிலும் ஏரி, இரண்டிலும் வானவில் ட்ரவுட் என்கிற நன்னீர் மீன், இரண்டிலும் கூட்டிப்போய்க் காட்டிக்கொடுக்க வழிகாட்டிகள். போன ஜனவரியில் (அங்கே அது கோடை) அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன் சகிதமாகப் போய் இரண்டு இடத்திலும் தூண்டில் போட்டோம். மீன் கணக்கில் ரொட்டொருவா ஜெயித்தது. ஆனாலும் குடும்பத்தோடு மறுபடி போனால் டவுப்போதான். காரணம் ஒரு கழிப்பறை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ரொட்டொருவா. ஊரின் பெயரே கொண்ட ஏரி ஆழம் குறைந்தது, கோடையில் சீக்கிரம் சூடாகிவிடும். ட்ரவுட்டுக்குச் சூடு ஆகாது. அதனால் குளிர்ந்த ஊற்றுநீர் ஓடைகள் ஏரியில் வந்து விழுகிற முகத்துவாரங்களில் மந்தை மாதிரி வந்து கூடிவிடும். வழிகாட்டி என்னை அங்கேதான் கூட்டிப்போனார். விடியுமுன் கிளம்பி, மார்பு வரை வருகிற ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று ஃபிளை (பூச்சி மாதிரி செய்த போலி இரை) வீசுவது. காலில் படும் நீர் ஓரடி நகர்ந்தால் வெதுவெதுப்பு, ஓரடி திரும்பினால் ஜில்லென்று. அந்தக் கோட்டின் மேல்தான் மீன் நிற்கும் என்றார். நின்றது. இரண்டு மணி நேரத்தில் மூன்று. தூண்டில் பிடித்துப் பழகியவனுக்கு இதைவிடச் சந்தோஷம் கிடையாது.

ஆனால் இது ஒருவர் இருவருக்கான ஆட்டம். மற்ற நான்கு பேரும் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று மறுநாள் பக்கத்து ஏரி ஒன்றில் படகு ஏற்பாடு செய்தேன். முன்பதிவு செய்யும்போது மீன் கிடைக்குமா, மழை வந்தால் பணம் திரும்புமா என்றெல்லாம் கேட்டேன். படகில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. வந்தது மேல்மூடி இல்லாத சின்ன அலுமினியப் படகு. படகோட்டி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, நல்ல மனிதர். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் மகன் நெளிய ஆரம்பித்தான். தூண்டிலைச் சுருட்டி, கரைக்குத் திருப்பி, பொதுக் கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்து ஒதுங்கி, மறுபடி ஏரி நடுவுக்கு வர நாற்பது நிமிடம் போனது. அடுத்து மகள். நான்கு மணி நேரப் பயணத்தில் தூண்டில் தண்ணீரில் இருந்தது இரண்டரை மணி நேரம் இருந்தால் அதிகம்.

அதுகூடப் பரவாயில்லை. அம்மா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் இரவே மருமகளிடம், "படகுன்னா எப்படி வசதி இருக்குமோ, நான் காபி குடிக்கலம்மா" என்று சொல்லியிருக்கிறார். வெயிலில் தலைவலியோடு வந்து படுத்தவர் அன்று மாலை வரை எழுந்திருக்கவில்லை. மூன்று மீன் பிடித்த பெருமையெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.

டவுப்போவில் போனதும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன். கேபின் வைத்த படகு, கீழே கதவு சாத்திக்கொள்கிற கழிப்பறை, கொதிக்கும் தண்ணீர்க் கெட்டில். ரொட்டொருவா பக்கம் இப்படிப்பட்ட படகே இல்லை என்று சொல்லவில்லை. நான் தேடிய நாளில் எனக்கு அமையவில்லை, அவ்வளவுதான். ஆனால் டவுப்போ ஏரி 616 சதுர கிலோமீட்டர், சில இடங்களில் 186 மீட்டர் ஆழம். எரிமலை வெடித்து உண்டான பள்ளம் அது. காற்று எழுந்தால் கடல் மாதிரி அலை அடிக்கும். அங்கே துறைமுகத்தில் வரிசையாக நிற்பதில் பெரிய படகுகள் நிறையக் கண்ணில் பட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மீன் பிடிக்கும் முறையில் டவுப்போ கொஞ்சம் மட்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படகு மெதுவாக நகர, பின்னால் போலி இரையை இழுத்துக்கொண்டே போவார்கள். மீனைப் பிடிப்பது பாதி படகு, மீதி படகோட்டி. நாம் ரீலைச் சுற்றுகிறோம், அவ்வளவே. ஆனால் குழந்தைகளுக்கு அதுதான் பொருத்தம். கோடையில் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், ஈயம் உள்ளே வைத்த கனமான நூலை விடுகிறார்கள். அந்த நூலில் ஒன்பது மீட்டருக்கு ஒரு நிறம். "பச்சை போச்சு, மஞ்சள் வருது" என்று மகள் எண்ணிக்கொண்டே விட்டாள். கம்பு வளைந்தபோது அதே நிறங்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு சுற்றினாள். காலை முழுக்கக் கிடைத்தது அந்த ஒன்றுதான், கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர்.

மீன் கடிக்காத நேரத்துக்கு அதே ஏரியில் மைன் பே என்கிற குடா இருக்கிறது. பாறைச் சுவரில் பத்து மீட்டருக்கும் மேல் உயரமான, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பாணி முகச் சிற்பம், 1970களின் பிற்பகுதியில் செதுக்கத் தொடங்கியது. கரை வழியாகப் போய்ப் பார்க்க முடியாது, தண்ணீர் வழியாகத்தான். தூண்டிலில் அக்கறையே இல்லாத என் மனைவி இந்தப் பயணத்தில் அதிகம் படம் எடுத்தது அங்கேதான். அம்மா கேபினில் உட்கார்ந்து இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார்.

செலவு பற்றி ஒன்று. தனிப் படகுக்குப் பொதுவாக மணிக்கணக்கில் மொத்தமாகத்தான் வாங்குகிறார்கள். ஐந்து பேர் என்றால் தலைக்குப் பெரிதாகத் தெரியாது. ஃபிளை வழிகாட்டிக்கு ஒருவராகப் போனால் மொத்தப் பணமும் உங்கள் தலையில்தான். உரிமம் இரண்டு இடத்துக்கும் வேறு வேறு. டவுப்போவுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறை தருகிற தனி உரிமம்; ரொட்டொருவாவுக்கு ஃபிஷ் அண்ட் கேம் என்ற அமைப்பு தருகிற உரிமம். ஒன்றை வைத்து மற்றதில் பிடிக்க முடியாது. நான் இரண்டுக்கும் பணம் கட்டினேன். கம்பைத் தொடப்போகிற குழந்தைகளையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிடித்த மீன் என்ன ஆகும்? நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்பது சட்டப்படி குற்றம். கடையிலும் கிடைக்காது, உணவகப் பட்டியலிலும் இருக்காது. ஆனால் நாம் பிடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சமைத்துத் தருகிற உணவகங்கள் டவுப்போவில் உண்டு. ஒரே ஒரு மீன், ஐந்து பங்கு. "நான் பிடிச்சது" என்று மகள் பரிமாறியவரிடமும் பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்லிவிட்டாள்.

குளிர்காலத்தில் நான் போனதில்லை; அப்போது மீன் மேலே வந்துவிடும், ஆட்டமே மாறும் என்றார் படகோட்டி. மதியத்துக்கு மேல் டவுப்போவில் போகவும் நான் சொல்லமாட்டேன். நாங்கள் திரும்புகிற கடைசி அரை மணி நேரத்தில் கிளம்பிய காற்றுக்கே மகன் முகம் வெளுத்துவிட்டது.

வீட்டில் வேறு யாரும் உடன் வரவில்லை, நீங்களும் ஒரு நண்பரும் மட்டும் என்றால் நான் மேலே சொன்ன எதையும் கேட்க வேண்டாம். ரொட்டொருவாவுக்குப் போய், விடியுமுன் அந்தக் குளிர்ந்த நீரில் இறங்கிவிடுங்கள்.