ஸ்டாம்ப்டு கான்கிரீட் வாசல்: ஐந்தாண்டுக்குப் பிறகு ஒரு கணக்கு

கோயம்புத்தூரில் உள்ள எங்கள் வீட்டு முன்வாசலுக்கும் பக்கத்து நடைபாதைக்கும் 2020 பிப்ரவரியில் ஸ்டாம்ப்டு கான்கிரீட், அதாவது ஈரமாக இருக்கும்போதே நிறம் தூவி, கல் அல்லது மர வடிவ அச்சு பதிக்கும் கான்கிரீட் தளம் போட்டோம். கார் நிற்கும் வாசல் 24-க்கு 20 அடி, நடைபாதை 30-க்கு 4 அடி, ஆக மொத்தம் 600 சதுர அடி. ஒப்பந்தக்காரர் சொன்ன விலை சதுர அடிக்கு 110 ரூபாய். 66,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்று நம்பித்தான் முன்பணம் கொடுத்தேன். இன்றுவரை ஆகியிருப்பது 1,29,000. சதுர அடிக்கு 215 ரூபாய்.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த 110 ரூபாயில் கான்கிரீட், நிறத்தூள், அச்சு, மேற்பரப்பைக் காக்கும் முதல் சீலர் பூச்சு எல்லாம் அடக்கம். தளத்துக்குக் கீழே செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லை, நானும் கேட்கவில்லை. பழைய சிமென்ட் தளத்தை உடைத்து அள்ள 14,000, கிராவல் கொட்டி இறுக்க 12,000, கம்பி வலைக்கு 9,000, கேட்டைக் கழற்றி உயர்த்தி மாட்ட 4,000 ரூபாய். விலை கேட்கும்போது, "தரைக்கு அடியில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியில் தொடங்குங்கள். கல் வடிவமா மர வடிவமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை நடந்த நாளை மறக்க முடியாது. நான்கு அங்குலக் கனத்துக்கு 200 கன அடி கலவை, அதாவது ஒரு ரெடிமிக்ஸ் லாரி முழுக்க. விடியற்காலை ஐந்தரைக்கு வர வேண்டிய லாரி ஏழு மணிக்கு வந்தது. மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, நிறத்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார்கள். மேஸ்திரி அவ்வப்போது கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் கால் அங்குலம் பதிய வேண்டும், ஆனால் சிமென்ட் பால் ஒட்டக் கூடாது. அச்சு வைக்க அதுதான் பதம். பிறகு ரப்பர் போன்ற அச்சுப் பாய்களை விரித்து மேலே ஏறி மிதித்து, திம்சுக்கட்டையால் தட்டினார்கள். ஆட்கள் மூன்று பேர், பாய்கள் நான்கு. ஒன்பதரை மணி வெயில் அவர்களை முந்திக்கொண்டது. கேட்டை ஒட்டிய கடைசி ஆறடியில் கான்கிரீட் இறுகிவிட, அங்கே அச்சு மேலோட்டமாகத்தான் விழுந்தது. இன்றும் அந்த இடத்தைத் தடவினாலே தெரியும். வாசலை ஒரு நாளும் நடைபாதையை மறுநாளும் போட்டிருக்க வேண்டும். இன்னொரு லாரிக்கான செலவைப் பார்த்துத் தயங்கியது என் தவறு.

நடைபாதையில் இன்னொரு குறை. நான்கு அங்குலத் தளத்துக்கு எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டு வேண்டும், கனத்தில் கால் பங்கு ஆழமாக. வாசலில் அப்படியே வெட்டினார்கள். நடைபாதையில், "குறுகல்தானே" என்று விட்டுவிட்டார்கள். முதல் கோடையிலேயே மூன்று இடத்தில் குறுக்கே விரிந்துவிட்டது. கான்கிரீட் சுருங்கும்போது நாம் கோடு போட்டுக் கொடுக்காவிட்டால் தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். வாட்டத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 20 அடிக்கு இரண்டரை அங்குலம் கொடுத்ததால் எந்த மழைக்கும் நீர் தேங்கியதில்லை. பிளம்பர் சொன்னதைக் கேட்டு அடியில் இரண்டு வெற்று பிவிசி குழாய்களையும் பதித்து வைத்தோம். 2023-இல் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜர் வைத்தபோது தரையைத் தொடாமலே ஒயர் இழுக்க முடிந்தது.

பராமரிப்பு என்றால் சீலர்தான். இரண்டாண்டுக்கு ஒருமுறை, சதுர அடிக்கு 15 ரூபாய் வீதம் 9,000. 2022 ஐப்பசியில் தளம் முழுதாகக் காயும் முன்பே பூசினோம். ஈரம் உள்ளே சிக்கி, பால் தெளித்தது போல் வெள்ளைத் திட்டுகள் வந்துவிட்டன. சைலீன் என்ற கரைப்பானைத் தடவிப் பூச்சை மீண்டும் இளக்கித்தான் சரிசெய்தார்கள். 2024-இல் மாசி வெயிலில் பூசினோம், எந்தச் சிக்கலும் இல்லை. கார் சக்கரம் ஓடும் தடத்தில் நிறம் மங்கியது போல் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறம் திரும்பத் தெரிந்தால் தேய்ந்தது பூச்சு மட்டுமே.

பளபளப்பான பூச்சு மழையில் வழுக்கும். 2021 கார்த்திகையில் மாமனார் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் அவதிப்பட்டார். வழுக்காமல் இருக்கப் பூச்சில் கலக்கும் தூளுக்கு ஆகும் செலவு சொற்பம். முதியவர்கள் உள்ள வீட்டில் அது இல்லாமல் பூச விடாதீர்கள்.

அம்மாவின் குறை வேறு. தளம் போட்ட மறுவாரமே, "கோலம் எங்கேப்பா போடுவது?" என்று கேட்டார். கல் வடிவப் பள்ளங்களில் கோலமாவு இறங்கி, இழை துண்டு துண்டாகிவிடும். ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, வாசற்படிக்கு நேரே 5-க்கு 5 அடியை வெட்டி எடுத்து, மெருகேற்றாத கடப்பைக் கல் பதித்தோம். அதற்கு 6,000 ரூபாய். தொடக்கத்திலேயே அந்த 25 சதுர அடியை அச்சில்லாமல் விடச் சொல்லியிருந்தால் ஒரு ரூபாயும் கூடுதலாக ஆகியிருக்காது. அந்தக் கறுப்புக் கடப்பைக் கல்லில் அம்மா போடும் சிக்குக் கோலம் தெருமுனையிலிருந்தே தெரிகிறது.

மறுபடி போடுவேனா? வாசலுக்குக் கட்டாயம் இதையே போடுவேன். அடுத்த பூச்சுக்கு இப்போதிருந்தே மாதம் 400 ரூபாய் எடுத்து வைக்கிறேன். தண்ணீர்க் குழாய் ஓடும் நடைபாதைக்குப் பேவர் பிளாக் போதும். குழாய் கசிந்தால் நான்கு கல்லைப் பெயர்த்துவிட்டுத் திரும்ப அடுக்கிவிடலாம்.