டிரேடில் வாங்கும் பொருள் டூப்பா என்று பாருங்கள்: என் வில் போன கதை

ஆன்லைன் கேமில் டிரேட் செய்கிற எல்லோரும் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். 14 மாதமாக விளையாடிவந்த என் அக்கவுண்ட் ஒரு வாரம் முடக்கப்பட்டது. மூன்று மாதம் காத்திருந்து எடுத்த வில் கையை விட்டுப் போனது. நான் ஹேக் எதுவும் போடவில்லை, யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை. எங்கள் கில்டிலேயே (சேர்ந்து விளையாடும் குழுவிலேயே) இருந்த ஒருவர், கிளிட்ச் (கேமில் உள்ள பிழை) மூலம் நகலெடுத்த கற்களைக் கொடுத்து அந்த வில்லை வாங்கிக்கொண்டார். இப்படி நகலெடுப்பதைத்தான் டூப் என்பார்கள். கேமின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். டிரேட் வசதி உள்ள எந்த கேமிலும் இது நடக்கலாம்.

வில்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வருத்தம் புரியாது. அந்த வில் ஒரு பாஸிடம் (பெரிய எதிரியிடம்) இருந்துதான் கிடைக்கும். அந்த பாஸை வாரத்துக்கு ஒரு தடவைதான் அடிக்க முடியும், அதுவும் பத்து பேர் சேர்ந்து போனால்தான். வில் விழுவதே அபூர்வம். விழுந்தாலும் பத்து பேரில் யாருக்கு என்று பகடை உருளும். பதின்மூன்றாவது வாரம் எனக்கு விழுந்தது. அன்று ராத்திரி எல்லோரும் லாக் அவுட் ஆன பிறகும் நான் போகவில்லை. கோட்டை வாசலில் கேரக்டரை நிறுத்திவிட்டு, கேமராவைச் சுற்றிச் சுற்றி அந்த நாணில் ஓடும் நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்கியவர் எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். எட்டு மாதப் பழக்கம். கேமின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், செத்துச் செத்து விழுந்தாலும் கோபப்பட மாட்டார். அவரை நான் நம்பியதில் தப்பு இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அவர் எங்களுக்கு ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். சுவரை ஒட்டி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் குதித்தால் கேரக்டர் பாதி உடம்பு பாறைக்குள் போய் நிற்கும். அங்கே நின்றால் பாஸால் நம்மைத் தொட முடியாது. அது நம்மை நோக்கி ஓடிவரும், வழி கிடைக்காமல் திரும்பும், மறுபடி ஓடிவரும். நாம் நின்ற இடத்தில் நின்று அம்பு விட்டுக்கொண்டே இருக்கலாம். இருபது நிமிடம் பிடிக்கும் சண்டை ஆறு நிமிடத்தில் முடிந்தது. வேகமாக முடித்த கில்டுகளின் பட்டியலில் ஒரே ராத்திரியில் இரண்டாம் இடத்துக்குப் போனோம்.

எங்கள் அணியில் காயம் ஆற்றும் ஹீலர் மட்டும் கேட்டாள்: "இதுக்குத்தான் பத்து பேர் சேர்ந்து வர்றோமா அண்ணா?" அவர் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார். 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது காம்போ என்பதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. அடுத்தடுத்த அடிகள் தடுக்க முடியாமல் கோத்துக்கொள்வதை உருவாக்கியவர்களே தற்செயலாகக் கவனித்து, அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்குச் சண்டை கேம் என்றாலே காம்போதான். க்வேக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் சாய்ந்து சாய்ந்து குதித்து ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் அந்த மாதிரி கணக்கில் விழுந்த ஓட்டைதான், அது ஒரு கலையாகவே ஆகிவிட்டது. "கேம் விடுதுன்னா அது கேம்ல இருக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் சொன்ன தகவல்கள் சரியானவை. நானும் ஒன்றும் பேசவில்லை. பட்டியலில் எங்களால் ஒரு படி கீழே இறங்கிய கில்டைப் பற்றி அன்று யாருக்கும் நினைப்பே வரவில்லை, எனக்கும்தான்.

சரி, டிரேடுக்கு வருகிறேன். ஒரு இரவு அவர் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அந்த வில்லைக் குடுக்கிறியா? என் கேரக்டருக்கு அதுதான் குறை. நல்ல விலை தர்றேன்." கவசத்தை மேம்படுத்தும் கற்கள் எனக்கு நிறையத் தேவைப்பட்டன. அந்த வில்லுக்கு ஏலச் சந்தையில் 150 கற்கள் வரை போகும். அவர் 222 தருவதாகச் சொன்னார். அண்ணா என்பதால் கூடுதலாகத் தருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். சந்தை வழியாகவே செய்யலாமே என்றதற்கு, அங்கே கமிஷன் பிடிப்பார்கள், நேரடியாக டிரேட் போட்டுக்கொள்வோம் என்றார். கொஞ்ச நேரத்தில் சர்வர் பராமரிப்புக்காக நிற்கும், சீக்கிரம் முடிப்போம் என்றும் சொன்னார்.

டிரேட் பெட்டியில் மூட்டைகள் வந்து விழுந்தன. ஆறு மூட்டை. ஒவ்வொன்றின் மூலையிலும் எண்: 37, 37, 37, 37, 37, 37.

அந்தப் படம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கல் சேர்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு மூட்டையில் 12 இருக்கும், இன்னொன்றில் 50 நிரம்பியிருக்கும், கடைசியில் ஒரு 8 தொங்கும். ஆறு மூட்டையிலும் ஒரே எண் வர வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து எண்ணிப் பிரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே மூட்டை ஆறு தடவை நகலாகியிருக்க வேண்டும். நான் பார்த்தேன். விசித்திரமாக இருக்கிறதே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டேன்.

ஒன்பதாவது நாள் ஒரு பேட்ச் (கேமுக்கான திருத்தம்) வந்தது. லாக் இன் செய்தால் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு: நகலெடுக்கப்பட்ட பொருட்களை வைத்திருந்ததால் ஏழு நாள் தடை. தடை முடிந்து உள்ளே போனபோது கற்கள் ஒன்றுகூட இல்லை. அதில் 90 கற்களைப் போட்டு மேம்படுத்திய கவசமும் பழைய நிலைக்கே வந்திருந்தது. சப்போர்ட்டுக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். வீரர்கள் தாங்களாக விரும்பிச் செய்யும் டிரேடுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நான்கு வரியில் பதில் வந்தது. அண்ணா தடைக்கு முந்தின நாளே கில்டை விட்டுப் போயிருந்தார். வில் இரண்டு அக்கவுண்ட் மாறி யாரோ ஒருவரிடம் விற்கப்பட்டிருந்தது. வாங்கியவருக்கும் இதெல்லாம் தெரிந்திருக்காது.

வேறு வழியில் அவருக்குச் செய்தி அனுப்பினேன். திட்டவில்லை, ஏன் அண்ணா என்று மட்டும் கேட்டேன். பதில் வந்தது: "தம்பி, ஓட்டை வச்சது கம்பெனி. கேம் விட்டதைத்தான் நான் செஞ்சேன். கோவப்படணும்னா அவங்க மேல படு." பாறை இடுக்கில் நின்றபோது சொன்ன அதே வாக்கியம்.

கம்பெனி மேல் தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. டூப் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கே ஆத்திரம் வந்தது. நம் பையில் என்ன இருக்கிறது என்பதைப் பல கேம்களில் சர்வர் ஒவ்வொரு நொடியும் எழுதி வைப்பதில்லை. சில நிமிடத்துக்கு ஒரு முறையோ, இடம் மாறும்போதோ, வெளியேறும்போதோதான் பதிவு செய்யும். ஒருவர் தன்னுடைய இரண்டாவது அக்கவுண்டுக்குக் கற்களைக் கொடுக்கிறார். வாங்கிய அக்கவுண்ட் உடனே பதிவாகிவிடுகிறது. கொடுத்தவர் பக்கம் பதிவாவதற்குள் அந்த சர்வர் விழுந்துவிட்டால், திரும்பி வரும்போது அவருடைய பழைய பதிவு ஏறும். கற்கள் இரண்டு பையிலும் இருக்கும். இரு பக்கமும் சேர்ந்தே பதிவாக வேண்டும், ஒன்று தவறினால் இரண்டுமே ரத்தாக வேண்டும் என்று எழுதியிருந்தால் இது நடக்காது. பணப் பரிமாற்றமெல்லாம் அப்படித்தான் நடக்கிறது.

பெரிய கேம்களும் தப்பவில்லை. 2013 மே மாதம் டயாப்ளோ 3-ல் ஒரு பேட்சுக்குப் பிறகு, ஏலத்தில் போட்ட தங்கத்தை ரத்து செய்தால் போட்டதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. எண்ணைச் சேமிக்கும் இடம் கொள்ளாமல் வழிந்ததுதான் காரணம். மைனஸ் எண்களுக்கும் இடம் விட்டு 32 பிட்டில் எழுதினால் சுமார் 214 கோடி வரைதான் அடங்கும், அதற்கு மேல் போனால் கணக்கு புரண்டுவிடும். கேமை உருவாக்கிய பிளிசார்டு ஏலச் சந்தையை அவசரமாக மூடியது. மொத்த கேமையும் பின்னோக்கித் திருப்பவில்லை, தங்கம் பெருக்கிய அக்கவுண்டுகளைத் தேடிப் பிடித்தது.

ஆக, ஓட்டை கம்பெனியுடையதுதான். ஆனால் அந்த ஓட்டை வழியாகப் போனது கம்பெனியின் சொத்தா? என் பதின்மூன்று வாரம். காம்போவுக்கும் டூப்புக்கும் நடுவில் கோடு இங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன். காம்போ போடுகிறவன் என் கண் முன்னால் போடுகிறான். நானும் கற்றுக்கொள்ளலாம், அவனை முதல் அடி அடிக்க விடாமல் தள்ளியே நிறுத்தலாம். தோற்றாலும் எதனால் தோற்றேன் என்று எனக்குத் தெரியும். டூப் கற்களை என் கையில் திணித்தவர், எனக்குத் தெரியாது என்பதை நம்பியே அந்த வேலையைச் செய்தார். தெரிந்திருந்தால் டிரேடே நடந்திருக்காது.

போட்டி உலகத்திலும் இந்தக் கோட்டில்தான் தகராறு. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில், பயிற்சியாளரின் கேமரா வரைபடத்தின் ஒரு மூலையில் சிக்கி, எதிரணி நகர்வதைக் காட்டிக்கொடுக்கும் பிழை ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டதற்காக 2020 செப்டம்பரில் இஸ்போர்ட்ஸ் இன்டெக்ரிட்டி கமிஷன் 37 பயிற்சியாளர்களைத் தண்டித்தது. அவர்கள் எந்த மென்பொருளையும் போடவில்லை, கேம் காட்டியதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எதிரில் ஆடியவர்களுக்கோ ஒன்றுமே தெரியாது.

அதே கேமில் 2014-ல் ட்ரீம்ஹேக் வின்டர் போட்டியில் நடந்தது இன்னும் சிக்கலானது. எல்டிஎல்சி அணியிடம் பெரிய அளவில் பின்தங்கியிருந்த ஃபனாடிக், ஓவர்பாஸ் வரைபடத்தில் ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி, கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் நின்று, பாதி வரைபடத்தைப் பார்த்துச் சுட்டு ஜெயித்தது. புகார் வந்தது. மறுபடி ஆடச் சொன்னார்கள், ஃபனாடிக் விலகிக்கொண்டது. அது திறமையும் ஒத்திகையும் தேவைப்பட்ட வேலை என்பதை மறுக்க முடியாது. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பல தடவை யோசித்திருக்கிறேன். எதிரணியால் பதிலே கொடுக்க முடியாத இடம் அது என்பதால் அவர்கள் விலகியது சரி என்றே படுகிறது.

பாறை இடுக்கைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. 2010-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் லிச் கிங் என்ற பாஸை 25 பேர் அணியாக உலகிலேயே முதலில் வீழ்த்திய என்சிடியா கில்டுக்கு, இடிந்த மேடையை மறுபடி முளைக்க வைத்த குண்டுகளைப் பயன்படுத்தியதற்காக 72 மணி நேரத் தடை கிடைத்தது, சாதனையும் பறிபோனது. வழக்கமாகப் போடுகிற குண்டுதான் என்று அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். எங்களுக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. தெரிந்தேதான் நின்றோம்.

இனி டிரேட் போடுகிறவர்களுக்கு. மூட்டைகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்துங்கள். சந்தை விலையைவிட நிறையக் கூடுதலாக ஒருவர் தருகிறார், சந்தை வழியாக வேண்டாம் என்கிறார், அவசரப்படுத்துகிறார் என்றால், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். திடீரென்று ஒரு அபூர்வப் பொருளின் விலை சந்தையில் சரிந்தால், எங்கோ டூப் ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த வாரம் அந்தப் பொருளைத் தொடாதீர்கள். டிரேட் பெட்டியையும் அதற்கு முந்தைய பேச்சையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு இப்போது சந்தேகம் வந்தால், செலவழிக்காமல் நீங்களே முதலில் டிக்கெட் போட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே தனி எண் வைத்திருக்கும் கேம்களில், ஒரே எண் இரண்டு பையில் இருந்தால் அவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கும்போது யார் நகலெடுத்தார், யார் தெரியாமல் வாங்கினார் என்று பிரித்துப் பார்ப்பதற்கு நீங்கள் கொடுத்த தகவல்தான் உதவும்.

என்னிடம் ஸ்க்ரீன்ஷாட் இல்லை. ஹீலரிடம் இருந்தது. அன்று 222 கல் வாங்கினேன் என்று பெருமையாகப் பையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தேன், அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். டிரேட் நடந்த நேரமும் ஆறு மூட்டையும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அதை வைத்து இரண்டாவது டிக்கெட் போட்டோம். 19 நாள் கழித்துப் பதில் வந்தது. என் அக்கவுண்டில் இருந்த தடைப் பதிவை நீக்கிவிட்டார்கள். வில்லைத் திருப்பித் தர முடியாது, அது இப்போது வைத்திருப்பவர் நியாயமாக வாங்கியது என்றார்கள். அந்த டிக்கெட்டிலேயே பாறை இடுக்கு எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் குதிக்க வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பியிருந்தோம். அடுத்த பேட்சில் அதை அடைத்தார்கள், பட்டியலில் இருந்து எங்கள் ஆறு நிமிடத்தையும் எடுத்துவிட்டார்கள்.