உதவிப் பக்கங்களைச் சர்வரில் ஏற்ற எந்த வழி? கோளாறு வரும் நாளை வைத்து ஓர் ஒப்பீடு

மென்பொருளுக்கான உதவிப் பக்கங்களைச் சர்வரில் ஏற்ற இன்றைக்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் எதைப் பிடித்தாலும் ஒன்றுதான். ஓடாத நாளில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். அதனால் வேகத்தையும் விலையையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: ஏற்றும் வேலை நடுவில் கெட்டால், எங்கே கெட்டது என்று அந்த வழி சொல்கிறதா? அதுவரை பயனர் கையில் பழைய பதிப்பு முழுசாக இருக்கிறதா?

உதவித் தொகுப்பு என்பது ஒற்றைக் கோப்பு இல்லை என்பதால்தான் இந்தக் கேள்வி. நூற்றுக்கணக்கான பக்கங்கள், படங்கள், பொருளடக்கத்துக்கு ஒரு கோப்பு, தேடலுக்கு ஓர் அட்டவணை, எழுத்துருக்கள், ஸ்கிரிப்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. பக்கம் புதுசு, தேடல் அட்டவணை பழசு என்று ஆகிவிட்டால், புதிய பக்கம் சர்வரில் இருந்தும் தேடினால் வராது. நீக்கிய பக்கம் தேடலில் வரும், தட்டினால் 404, அதாவது பக்கம் இல்லை என்ற செய்தி. சிங்கப்பூரில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழியிலும் உதவி கேட்கும் வாடிக்கையாளர் உண்டு. அப்போது இதே தலைவலி நான்கு மடங்கு.

பெரும்பாலானவர்கள் தொடங்குவது பப்ளிஷ் பட்டனில். மேட்கேப் ஃபிளேர், அடோபி ரோபோஹெல்ப் போன்ற உதவி எழுதும் மென்பொருள்களில் சர்வர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் பட்டனை அழுத்தினால் போதும். உள்ளே ஓடுவது பல இடங்களில் இன்னமும் எஃப்டிபிதான். வலையில் கோப்பு அனுப்ப 1985இல் எழுதி வைத்த விதிமுறை அது. கட்டளைக்கு ஓர் இணைப்பு, கோப்புக்கு இன்னோர் இணைப்பு என்று இரண்டு திறக்கும். எஃப்டிபி கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது இணைப்பில்தான் பிறக்கிறது.

உள்ளே நுழைந்துவிடும், வரவேற்பு வரியும் வரும், ஆனால் ஃபோல்டர் பட்டியல் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் பலர் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். பாஸ்வேர்டில் தப்பு இருந்தால் 530 என்ற எண் வந்திருக்கும். நுழைந்த பிறகு தொங்கினால், அல்லது 425 வந்தால், அது வலையைக் காக்கும் தடுப்பான ஃபயர்வால் விவகாரம். கட்டளை 21ஆம் போர்ட்டில், அதாவது சர்வரின் எண் போட்ட வாசல் ஒன்றில், போகிறது. கோப்புக்கு, பேசிவ் முறையில், சர்வர் ஏதோ ஒரு பெரிய எண் போர்ட்டைச் சொல்லி "இங்கே வா" என்கிறது. அந்த போர்ட்டை அலுவலக ஃபயர்வாலோ சர்வர் பக்க ஃபயர்வாலோ மூடி வைத்திருக்கும். சில சமயம் சர்வர் தன் உள்வலை முகவரியையே, 192.168 என்று தொடங்கும் எண்ணையே, வெளியே இருக்கும் நமக்குக் கொடுத்துவிடும். ஏற்றும் மென்பொருளின் பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் சர்வர் நிர்வாகியிடம் காட்டிவிடலாம், வேலை அவர் பக்கம். 550 வந்தால் பாதை தப்பு அல்லது அனுமதி இல்லை. 552 என்றால் ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டது.

இதுவரை பரவாயில்லை, எண்ணாவது வருகிறது. எண்ணே வராத கோளாறுதான் மோசம். "மாறிய கோப்பை மட்டும் ஏற்று" என்ற வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணினியில் இருக்கும் கோப்பின் நேரத்தையும் சர்வரில் இருப்பதன் நேரத்தையும் ஒப்பிட்டு அது முடிவு செய்கிறது. சர்வர் சிங்கப்பூர் நேரத்தில் பட்டியல் தருகிறது, நம் மென்பொருள் அதை யுடிசி என்று, அதாவது சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம் என்று, எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். காலை 10 மணிக்கு ஏற்றிய பக்கம், நம் பக்கத்தில் மாலை 6 மணிக்கு ஏற்றியது போலத் தெரியும். மதியம் 3 மணிக்கு அதே பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்தி மறுபடி ஏற்றினால், "சர்வரில் இருப்பது இதைவிடப் புதியது" என்று தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி கிடையாது, வேலை முடிந்தது என்றுதான் வரும். தேக்கா பக்கத்துக் கடையிலிருந்து, "அண்ணே, நீங்க மாத்திட்டேன்னு சொன்னீங்க, இங்க இன்னும் பழைய வரி விகிதம்தான் காட்டுது" என்று போன் வந்த பிறகுதான் தேடத் தொடங்குவோம். இதில் கொடுமை, மறுநாள் காலை தொகுப்பைப் புதிதாகக் கட்டி ஏற்றினால் சரியாகிவிடும். தானாகச் சரியான கோளாறை யாரும் துருவுவதில்லை. ஒரே நாளில் இரண்டாவது திருத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் முதலில் இந்த 8 மணி நேரத்தைச் சந்தேகப்படுங்கள். ஃபைல்ஜில்லாவில் ஒவ்வொரு சர்வருக்கும் நேர வித்தியாசத்தைச் சொல்லிவைக்க இடம் இருக்கிறது.

படங்கள் மட்டும் உடைந்து வந்தால், எழுத்துக் கோப்புகளுக்கான ஆஸ்கி முறையில் ஏறியிருக்கும். வரி முடிவுகளை அது மாற்றி எழுதுவதால் கோப்பின் அளவு சில பைட் கூடியோ குறைந்தோ இருக்கும். கோப்பை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றி மறுபடி ஏற்றினால் போதும்.

சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்குறி இல்லாமல் அப்படியே வலையில் போகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே 2021இல் எஃப்டிபியைக் கைவிட்டன. அதே பட்டனில், எல்லாவற்றையும் மறைக்குறியோடு அனுப்பும் எஸ்எஃப்டிபி என்ற தேர்வு இருந்தால் யோசிக்காமல் மாறிவிடுங்கள். ஒரே இணைப்பு, 22ஆம் போர்ட், பேசிவ் தொல்லை முழுசாகப் போகும். ஆனால் இரண்டிலும் ஒரு குறை அப்படியே இருக்கிறது: பாதியில் அறுந்தால், பாதி புதுசு பாதி பழசு என்று பயனர் கண்முன்னே கிடக்கும். என் கணக்கில் பட்டன் பின்தங்குவது இங்கேதான்.

பகிர்ந்த ஃபோல்டரில் நேரடியாக காப்பி செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலக உள்வலைக்கு மட்டும் என்றால் எளிது. விண்டோஸின் பழைய உதவிக் கோப்பு வகையான சிஎச்எம்மை அப்படிப் பகிர்ந்தால் பொருளடக்கம் தெரியும், பக்கம் வெறுமையாக இருக்கும். 2005இல் வந்த விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தத்திலிருந்து அப்படித்தான், கோப்பில் குறை இல்லை. மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ் என்றால் இரண்டு விஷயம்: அதற்குத் தெரியாத கோப்பு வகைக்கு 404.3 கொடுக்கும், பழைய பதிப்புகளில் ஜேசன் என்ற தரவுக் கோப்பும் புதிய எழுத்துரு வகைகளும் இதில் மாட்டும். "பின்" (bin) என்ற பெயரில் ஃபோல்டர் இருந்தால் 404.8 கொடுத்து மறைத்துவிடும். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, உலாவியில் மட்டும் இல்லை என்றால் இந்த இரண்டையும் பாருங்கள்.

உள்வலை பற்றி இன்னொன்று. சிங்கப்பூர் அரசு ஊழியர்களின் வேலைக் கணினிகளை 2017இல் இணையத்திலிருந்து பிரித்தார்கள். அப்படிப் பிரித்த வலைக்கு உதவித் தொகுப்பு கொடுப்பவர்கள், எழுத்துருவும் ஸ்கிரிப்டும் வெளி முகவரியிலிருந்து இறங்குகின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நம் மேசையில் அழகாக இருக்கும் தொகுப்பு அங்கே தேடல் பெட்டியே இல்லாமல் நிற்கும். எந்த வழியில் ஏற்றினாலும் இது தீராது.

சொந்த லினக்ஸ் சர்வர் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இரண்டு இடத்துக் கோப்புகளை ஒன்றுபோல வைக்கும் ஆர்சிங்க் என்ற கருவி. 1996இல் வந்தது, இன்னும் அசையாமல் நிற்கிறது. மாறியதை மட்டும் அனுப்பும். ஒவ்வொரு கோப்பையும் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றும், அதனால் பாதிக் கோப்பு யார் கண்ணிலும் படாது. நாம் நீக்கிய பக்கத்தை அங்கேயும் நீக்கச் சொல்லலாம். நீக்கச் சொல்வதற்கு முன் ஒத்திகை ஓட்டம் ஒன்று விடலாம்: என்ன செய்யப் போகிறேன் என்று பட்டியல் மட்டும் போடும், எதையும் தொடாது. நீக்கும் தேர்வோடு ஓட்டும்போது இந்த ஒத்திகையைத் தவிர்க்கவே கூடாது. மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளிருப்பவை மட்டும் போகும், இல்லையென்றால் ஃபோல்டரே போய் உட்காரும். அந்த ஒரு கோட்டைத் தவறவிட்டால், புதிய தொகுப்பு உள்ளே வேறொரு ஃபோல்டரில் போய்விடும், பயனர் திறக்கும் முகவரியில் பழைய பதிப்பே நிற்கும்.

கோளாறு சொல்லும் விதத்தில் ஆர்சிங்க் நேர்மையானது. முடிவில் 23 என்று வந்தால் சில கோப்புகள் போகவில்லை, மேலே எவை என்று இருக்கும். 255 வந்தால் சர்வருக்குப் பாதுகாப்பாகப் போகும் எஸ்எஸ்எச் இணைப்பே அமையவில்லை, சாவியையோ சர்வர் பெயரையோ பார்க்க வேண்டும். எல்லாம் ஏறியும் உலாவி 403, அதாவது பார்க்க அனுமதி இல்லை என்று காட்டினால், சிக்கல் கோப்பு அனுமதியில். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 என்று வைத்தால் பெரும்பாலும் தீரும்.

இதோடு ஒரு பழக்கத்தைச் சேர்த்தால் வேறு எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. ஒவ்வொரு பதிப்பையும் தேதி போட்ட புதிய ஃபோல்டரில் ஏற்றுங்கள். "நடப்பு" என்று, அந்த ஃபோல்டர்களில் ஒன்றைக் காட்டும் ஒரு சுட்டு இணைப்பு மட்டும் வெப் சர்வருக்குத் தெரியட்டும். எல்லாம் ஏறி, திறந்து பார்த்து, திருப்தியான பிறகு சுட்டைப் புதிய ஃபோல்டருக்குத் திருப்புங்கள். பயனர் ஒரு நொடிகூடக் கலவையைப் பார்க்க மாட்டார். தப்பு தெரிந்தால் சுட்டைத் திருப்பி வைத்தால் நேற்றைய பதிப்பு வந்துவிடும். குறை என்று சொன்னால், விண்டோஸ் மடிக்கணினியில் ஆர்சிங்க் உடன் வருவதில்லை. உள்ளே லினக்ஸ் சூழலை நிறுவ வேண்டும், எழுத்துவேலை மட்டும் தெரிந்தவருக்கு முதல் நாள் கொஞ்சம் மிரட்சியாக இருக்கும்.

அமேசானின் இணையக் கோப்புக் கிடங்கான எஸ்3இல் வைப்பவர்களும் இங்கே நிறைய. அதன் சிங்கப்பூர் மையம் 2010லிருந்து இயங்குகிறது. ஏற்றுவது சுலபம், பயனர் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். ஆனால் பிழைச் செய்தி குழப்பும். இல்லாத கோப்பைக் கேட்டாலும், பட்டியல் பார்க்கும் அனுமதி இல்லையென்றால், 404 வராது, 403 வரும். எழுத்துப்பிழையான இணைப்பைத் தேடுவதற்குப் பதிலாக அனுமதிகளைக் குடைந்துகொண்டிருப்போம். 2023 ஏப்ரலிலிருந்து புதிய பக்கெட் எல்லாம், அதாவது எஸ்3இல் கோப்பு வைக்கும் பெட்டிகள் எல்லாம், பொதுப் பார்வைக்கு மூடியே பிறக்கின்றன, அதனால் வரும் 403 வேறு. எச்டிடிபிஎஸ் வேண்டுமென்று முன்னால் அமேசானின் விநியோகச் சேவையான கிளவுட்ஃபிரண்டை வைத்தால், பக்கங்களின் தற்காலிக நகலைச் சேமிக்கும் கேஷ் வந்து சேரும். நாம் வேறு காலம் குறிக்காவிட்டால் ஒரு நாள் முழுக்கப் பழைய பக்கத்தையே கொடுக்கும். ஏற்றியதும் கேஷைச் செல்லாததாக்கும் கட்டளை ஒன்றைச் சேர்த்து ஓட்ட வேண்டும். மாதத்துக்கு 1,000 பாதைகள் வரை அது இலவசம்.

கிட்ஹப் பேஜஸ் போன்ற கிட் வழி (கிட் என்பது கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி), கோளாறைச் சொல்வதில் எல்லாவற்றுக்கும் மேல். எந்தப் படியில், எந்த வரியில் நின்றது என்று சிவப்பில் காட்டும். தொகுப்பு கட்டும்போதே உடைந்தால் பழைய தளம் தொடாமல் அப்படியே நிற்கும். உடைந்த இணைப்புகளைச் சோதிக்கும் படியை நடுவில் வைத்தால், தப்பான தொகுப்பு வெளியே போகவே போகாது. தெரிந்திருக்க வேண்டிய கண்ணி ஒன்று: கிட்டின் ஒரு கிளையிலிருந்து நேரடியாகப் பதிப்பிக்கும்போது, அடிக்கோட்டில் (_) தொடங்கும் ஃபோல்டர்களை, கிட்ஹப் உள்ளே ஓட்டும் தளம் கட்டும் கருவியான ஜெக்கில் விட்டுவிடும். உதவிப் பக்கங்களைக் கட்டும் கருவியான ஸ்பிங்க்ஸ் தன் படங்களையும் வடிவக் கோப்புகளையும் அப்படிப்பட்ட ஃபோல்டர்களில்தான் வைக்கிறது. எழுத்து மட்டும் வந்து அலங்காரம் எதுவும் வராவிட்டால், முன்னால் புள்ளி வைத்து நோஜெக்கில் (.nojekyll) என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைப் போடுங்கள். தளத்துக்கு 1 ஜிபி வரம்பும் உண்டு, திரைக் காணொளிகள் நிறைய வைத்திருப்பவர்கள் அதை மனதில் வைக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடவே வருவது கோப்புப் பெயர்த் தொல்லை. விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். நம் கணினியில் தெரியும் படம் சர்வரில் 404 ஆவதற்கு அதிகமாகக் காரணம் இதுதான்.

தமிழில் பெயர் வைத்தால் இன்னும் ஒரு படி. "கொள்முதல்" என்று ஒரு பக்கத்துக்குப் பெயர் வைக்கிறோம். முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. பழைய மேக் கோப்பு அமைப்பு பிரித்துத்தான் சேமித்தது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. பக்கத்தில் உள்ள இணைப்பு ஒரு வகையிலும் கோப்புப் பெயர் மறு வகையிலும் இருந்தால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு பெயர்களை எத்தனை முறை ஒப்பிட்டாலும் காரணம் பிடிபடாது. ஓகாரமும் ஔகாரமும் இதே ரகம். நீளமும் சேர்ந்து வரும்: அந்த ஒரே சொல் 9 குறி, 27 பைட், இணைய முகவரியில் சதவீதக் குறியோடு 81 எழுத்து. தமிழை நேசிப்பவன்தான் நான், ஆனாலும் கோப்புப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைத்துவிட்டு, பக்கத் தலைப்பையும் பொருளடக்கத்தையும் முழுத் தமிழில் வைப்பதே பயனருக்கு நல்லது.

ஆக என் வரிசை இப்படி: குழுவாக எழுதினால் கிட் வழி. சொந்த சர்வர் என்றால் ஆர்சிங்கும் சுட்டு இணைப்பும். பயனர் கூட்டம் பெரிது என்றால் எஸ்3, கேஷ் கட்டளையோடு. வாடகை இடத்தில் எஃப்டிபி கணக்கு ஒன்று மட்டும் இருப்பவர்களும் கையைப் பிசைய வேண்டியதில்லை. நேரடியாகப் பழைய ஃபோல்டரின் மேல் ஏற்றாமல், பக்கத்தில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து முழுத் தொகுப்பையும் அதில் ஏற்றுங்கள். அந்த முகவரியில் திறந்து, மறைநிலைச் சாளரத்தில், கைப்பேசி டேட்டாவில் ஒருமுறை, புதிதாகச் சேர்த்த சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். வந்தால் பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதியதற்கு அதன் பெயரைக் கொடுங்கள். பெயர் மாற்றும் கட்டளை எஃப்டிபியிலேயே இருக்கிறது, இரண்டு மாற்றமும் சேர்ந்து சில நொடிதான் ஆகும்.