பண்டிகை அட்டையைக் கடைசியில் எடுங்கள்: மும்மொழிப் பட அட்டைப் பெட்டி ஒரு பார்வை

கொழும்பு வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் பெட்டி. உள்ளே 48 அட்டைகள், ஒரு சிறு கைந்நூல். சமத்துவத்தையும் பிறரை மதிப்பதையும் தரம் 1 முதல் 3 வரை கற்பிக்க என்று மூடியில் அச்சிட்டிருக்கிறார்கள். படங்களுக்காக வாங்கலாம். கைந்நூலை அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

கைந்நூலின் முதற்பாடமே பொங்கல், வெசாக், நோன்புப் பெருநாள், நத்தார். அங்கிருந்து தொடங்கினால் ஏழு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்வது ஒன்றைத்தான்: இது எங்கட, அது அவங்கட. போதாததற்கு, வகுப்பிலுள்ள ஒரேயொரு முஸ்லிம் பிள்ளையை எழுப்பி நோன்பை விளக்கச் சொல்லவும் யோசனை தருகிறது. பிள்ளை காட்சிப்பொருளாகிவிடும், பதில் தெரியாவிட்டால் வெட்கமும் சேரும். தானாக முன்வரும் பிள்ளை பேசட்டும், அதுவும் அந்தப் பண்டிகை வரும் வாரத்தில்.

முதலில் வீடும் காலைநேரமும் சார்ந்த 16 அட்டைகளை எடுங்கள். குழுவுக்கு 4 அட்டை. தரையில் இரண்டு குவியல்: 'எங்கள் வீட்டிலும் இப்படி', 'எங்கள் வீட்டில் வேறு மாதிரி'. 15 நிமிடம் போதும். பாணும் இடியப்பமும் கிரிபத் என்ற பாற்சோறும் இனம் பார்க்காமல் இரண்டு குவியலிலும் விழும்; பாடமே அதுதான். யாராவது ஒருவர் 'சீ' என்பது நிச்சயம். ஏச வேண்டாம். 'எனக்குப் பழக்கமில்லை' என்று மாற்றிச் சொல்லப் பழக்குங்கள். சமய பாட வேளைக்குப் பின்னால் மட்டும் இதை வைக்காதீர்கள். ஏற்கெனவே பிரிந்து உட்கார்ந்த பிள்ளைகள் அதே குழுவாகவே வந்து சேரும்.

தொழில் அட்டைகளில்தான் பெரிய கோளாறு. டொக்டரும் வங்கி அதிகாரியும் வெளிர் நிறம். கொழுந்து பறிக்கும் பெண்ணும் தெரு கூட்டுபவரும் நல்ல கறுப்பு. தரம் 1, 2 என்றால் நான்கையும் எடுத்துவிடுங்கள். தரம் 3இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'வரைந்தவர் ஏன் இப்படி நிறம் தீட்டினார்?' என்று கேட்கலாம். சக்கர நாற்காலிப் பிள்ளையை எப்போதும் வேறொருவர் தள்ளுகிறார். அந்தப் பிள்ளை தானாக ஒரு வேலை செய்யும் படம் ஒன்றுகூட இல்லை. 'தமிழர்' அட்டையில் பட்டுச்சேலை, பொட்டு, கோபுரம். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை அதில் தன் அம்மாவைத் தேடிக் களைத்துப்போகும். மலாயரும் பறங்கியரும் பெட்டிக்குள்ளேயே இல்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் எல்லாச் சமயத்தவரும் நிற்பதை ஓர் அட்டையாக்கியிருந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. அட்டையிலோ சிங்களம் பெரிதாக மேலே, தமிழ் கீழே நெருக்கியடித்து. எழுத்துப் பிழை வேறு: பள்ளிவாசல் 'பல்லிவாசல்' ஆகியிருக்கிறது. ஒரு பிள்ளை வாசித்துச் சிரித்தால் மதிப்பாவது மண்ணாவது! வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித் திருத்திவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு பெட்டி நான்கு குழுக்களுக்குத்தான் காணும். 40 பிள்ளைகள் என்றால் இரண்டு பெட்டி, ஐந்தைந்து பேராக எட்டுக் குழு. லெமினேற் ஓரம் கொழும்பு ஈரக்காற்றில் சீக்கிரம் பிரியும். வாங்கியதுமே நான்கு மூலையையும் வட்டமாக வெட்டி, ஓரத்துக்கு ரேப் ஒட்டிவிடுங்கள்.