‘லோடு ஏத்துறீங்க, அதான் ஷாக் போகுது’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஒரே வருடத்தில் மூன்று முறை காரின் பின்பக்க ஷாக் அப்சார்பருக்குக் காசு கொடுத்திருக்கிறேன், அதில் முதல் இரண்டு முறை ஒரே ஒர்க்‌ஷாப்பில். பெயர் போடவில்லை, இன்பாக்ஸில் கேட்க வேண்டாம். ஏசி வெயிட்டிங் ரூம், காபி மிஷின் எல்லாம் வைத்திருக்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்னிமலையில் பெட்ஷீட் எடுத்து ஈரோட்டில் கடைகளுக்குப் போடுவது என் தொழில். பெரிய லோடு டெம்போவில் போய்விடும். அவசர ஆர்டர் என்றால் பின்சீட்டை மடக்கிவிட்டு என் சின்னக் காரிலேயே நாலைந்து மூட்டையை அடைத்துக்கொண்டு வந்துவிடுவேன். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் என்னை வாயடைக்க அவர்களுக்குக் கிடைத்ததே இந்த மூட்டைதான்.

62,000 கி.மீ. ஓடியபோது வேகத்தடை இறங்கினால் பின்னால் ‘டொக்’ என்று சத்தம். இரண்டு ஷாக்கும் லீக் என்றார்கள். அந்த ஓட்டத்துக்கு அது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஷாக் இரண்டு 3,500, பம்ப் ஸ்டாப் கிட் (ஷாக் அடி வரை அமுங்காமல் தடுக்கும் கட்டையும் அதன் கவரும்) இரண்டு 680, லேபர் 1,000, அலைன்மென்ட் 300, ஆக மொத்தம் 5,480 ரூபாய். பழைய பார்ட்டைக் கேட்டு வாங்காமல் வந்தது என் முதல் முட்டாள்தனம்.

ஏழே மாதம், 9,000 கி.மீ. தான். இடது பக்க ஷாக் முழுக்க எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பி, சேற்றில் முக்கி எடுத்தது போல இருந்தது. கொண்டு போய் விட்டால் சர்வீஸ் அட்வைசர் டிக்கியைத் திறந்தார், உள்ளே கிடந்த சணல் கயிற்றைப் பார்த்தார், சிரித்தார். “சார், இது கார். குட்டியானை இல்ல. இவ்ளோ லோடு ஏத்துனா எந்த ஷாக்கும் தாங்காது, வாரண்டியும் வராது.” எனக்கும் குற்ற உணர்ச்சி, பேசாமல் 2,250 கட்டி அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினேன். “பம்ப் ஸ்டாப்பையும் பாத்துருங்க” என்று சொன்னதற்கு, “அது புதுசாத்தானே சார் போட்டிருக்கோம், நல்லாவே இருக்கு” என்றார். இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஐந்து மாதத்தில் மறுபடியும் சத்தம். இந்த முறை காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் டயர் கடைப் பையன் பின் டயரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, “அண்ணா, மேடு பள்ளமா தேஞ்சிருக்கு, ஷாக் வேலையே செய்யல” என்றான். அவன் கை காட்டிய இடம் பெருந்துறை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. அறுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், கூட ஒரு பையன், அவ்வளவுதான்.

அவர் டிக்கியின் உள்பக்க அட்டையைக் கழற்றி மேல் நட்டை எடுத்தார், கீழே ஒரு போல்ட், ஷாக் கையோடு வந்துவிட்டது. அரை மணி நேரம் கூட ஆகவில்லை. ஷாக்குக்குள் போய் வரும் இரும்புத் தண்டை, அதாவது ராடை, துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய ராடில், மேல் நுனியிலிருந்து இரண்டு விரல் அளவு இறங்கி, எலி கடித்தது போல வரிசையாகப் பல் தடம். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது.

“இங்க பாருங்க தம்பி, நட்டு முறுக்கும்போது ராடு கூடவே சுத்தியிருக்கும், பிளையர் போட்டுக் கடிச்சுப் பிடிச்சிருக்காங்க. நுனியில தட்டையா செதுக்கி வெச்சிருக்கறதே ஸ்பேனர் போட்டுப் பிடிக்கத்தானுங்க. சரி, பம்ப் ஸ்டாப் எங்க?”

எங்கே என்றால்? இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. ராடை மூடும் டஸ்ட் கவரும் இல்லை. 680 ரூபாய் கொடுத்திருக்கிறேன், ‘நல்லாவே இருக்கு’ என்று சான்றிதழ் வேறு வாங்கியிருக்கிறேன்.

அவர் விளக்கிய பிறகுதான் முழுசாகப் புரிந்தது. வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் இல்லை, ஸ்பிரிங். ஸ்பிரிங் அமுங்கி எழும்பி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், அதற்குள் துளையும் வால்வும் உள்ள பிஸ்டன். எண்ணெய் வெளியே வராமல் ராடைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருப்பது ஒரே ஒரு ரப்பர் சீல். பம்ப் ஸ்டாப் ராடின் மேல் நுனியில் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு லோடு ஏற்றிக் குழியில் விட்டாலும் ஷாக்கின் தலை அதில் இடித்து நின்றுவிடும், ராடின் மேல் பகுதி சீலுக்குள் போகவே போகாது. அதாவது பம்ப் ஸ்டாப் இருந்திருந்தால் அந்தப் பிளையர் தடம் பாட்டுக்கு ஓரமாகக் கிடந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. அது இல்லாததால் மூட்டையோடு ஒவ்வொரு வேகத்தடையில் இறங்கும்போதும் ராடு அடி வரை போய், அந்தப் பல் தடம் அரம் போட்டது போல சீலை அறுத்திருக்கிறது. லோடு ஏற்றியது நான்தான், மறுக்கவில்லை. அறுக்கிற அரத்தை உள்ளே வைத்தது அவர்கள்.

இன்னொன்றும் காட்டினார். கீழ் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ் பாதி கிழிந்திருந்தது. வண்டி லிஃப்டில் தொங்கும்போதே ஏர் கன்னால் முறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் ஊன்றியதும் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். அவர் புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுத்துக் காற்றை எடுத்தார், பம்ப் ஸ்டாப்பையும் கவரையும் என் கண்முன்னால் ராடில் ஏற்றினார், போல்ட்டைச் சும்மா கைப்பிடியாக விட்டு, வண்டியை இறக்கிய பிறகுதான் இறுக்கினார். இதெல்லாம் அவருக்குப் பெரிய வித்தை இல்லை. ஏசி ரூமில் உட்கார்ந்து காபி குடித்த நான் இதில் எதையும் பார்க்கவில்லை, அதுதான் விஷயம்.

‘பழைய ஷாக்கில் எண்ணெய் நிரப்பித் தருகிறோம், பாதி விலை’ என்று சில இடங்களில் கூப்பிடுவார்கள். ஓட்டை போட்டு, ஏதோ ஒரு எண்ணெய் ஊற்றி வெல்டு வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருவது அது. கேஸ் ஷாக் என்றால் எண்ணெயோடு அடைத்திருந்த கேஸ் ஓட்டை போட்டபோதே போயிருக்கும். வேண்டாம்.

அப்புறம், எல்லா ஈரமும் லீக் இல்லை. என் மச்சானுக்கு 18,000 கி.மீ.யில் ஷாக் லீக் என்று அவர் வண்டி விட்ட இடத்தில் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். நான் துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டச் சொன்னேன். காய்ந்தே இருந்தது, இன்னும் அதே ஷாக்தான் ஓடுகிறது. சீல் பக்கத்தில் லேசாகப் பனி படர்ந்தது போல எண்ணெய்ப் பசை இருப்பது சகஜம், வழிந்து சொட்டினால்தான் கவலை. அந்தப் போட்டோவில் இருந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஷாக் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் மறுபடியும் லோடு கதை. பல் தடத்தைக் காட்டி, பில்லில் இருந்த பம்ப் ஸ்டாப் வரியையும் காட்டியதும் மேனேஜர் உள்ளே கூட்டிப் போனார். ‘பையன் மறந்திருப்பான்’ என்று 680 ரூபாயை மட்டும் போனில் அனுப்பினார். இரண்டு பக்கமும் மறந்திருக்கிறான், இரண்டாவது முறையும் மறந்திருக்கிறான். மீதிப் பணத்துக்கும் தேய்ந்த இரண்டு டயருக்கும் சேர்த்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ வேலைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பட்டறையில் மாற்றி ஆறு மாதம், 7,000 கி.மீ. ஆகிறது. நேற்றுக்கூட மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், ஷாக் இரண்டும் காய்ந்துதான் இருக்கின்றன. பழையது இரண்டும் டிக்கியில் பெட்ஷீட் பேப்பர் சுற்றிக் கிடக்கின்றன, யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்றால் காட்டுகிறேன்.