வாதமேடையா, வட்டமேசையா?

நடப்பு அரசியலைப் பேச கல்லூரி அரசியல் அறிவியல் துறைகளுக்கு இரண்டு வழிகள். தரப்பு பிரிந்து வாதாடி வாக்கெடுப்பது ஒன்று, சுற்றி உட்கார்ந்து பேசுவது மற்றொன்று.

வாதமேடைக்குக் கூட்டம் சேரும், செய்தியும் பரவும். 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர்களின் விவாத மன்றமான ஆக்ஸ்போர்டு யூனியனில் மாணவர்கள், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடப் போவதில்லை என்ற தீர்மானத்தை 275க்கு 153 வாக்குகளில் நிறைவேற்றினார்கள். பிரிட்டன் முழுக்கப் பெரும் சர்ச்சை. ஆனால் மேடை ஏறும்போதே தரப்பு முடிவாகிவிடுகிறது. எதிராளி சொல்வது சரி என்று பட்டாலும் ஒப்புக்கொள்ள இடமில்லை. கைதட்டலுக்குப் பேசும் பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இது பெரிய குறை.

வட்டமேசையில் சாத்தம் ஹவுஸ் விதியை வைத்துக்கொள்ளலாம். 1927இல் லண்டனில், சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனத்தில் உருவானது: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று சொல்லக்கூடாது. இது இருந்தால், வாயே திறக்காத முதலாண்டு மாணவரும் "இந்த மசோதா எனக்குப் புரியவில்லை" என்று துணிந்து கேட்பார். அப்புறம் மசோதாவைக் கையில் வைத்து, பிரிவு பிரிவாகப் படிக்கலாம். "பொதுநலன் கருதி" என்ற இரண்டு சொற்கள் அரசுக்கு எவ்வளவு அதிகாரம் தருகின்றன என்பது தலைப்புச் செய்தியில் தெரியாது, இங்கேதான் தெரியும்.

நல்ல நெறியாளர் இல்லாவிட்டால் அரட்டையாகிவிடும், உண்மைதான். தேர்தல் சமயத்தில் வாதமேடை இருக்கட்டும். வாராவாரம் நடத்த வட்டமேசைக்கே என் ஓட்டு.